இரண்டு முறை கல்லேறும் கோக்கி

சிந்திகளின் வெங்காய ரொட்டியான கோக்கிக்குப் பிசைந்து முடித்த மாவைப் பார்த்தால் யாரோ பாதி வேலையில் எழுந்து போய்விட்ட மாதிரி இருக்கும். உருண்டையில் அங்கங்கே வெடிப்பு. ஓரத்தில் வெங்காயத் துண்டு துருத்திக்கொண்டிருக்கும். பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் உதிரி மாவு. சப்பாத்தி சுட்டுப் பழகிய கை தன்னை அறியாமல் தண்ணீர் டம்ளரைத் தேடும். இன்னும் இரண்டு கரண்டி ஊற்றி, நாலு முறை அழுத்திப் பிசைந்தால் மாவு வழவழவென்று கண்ணுக்கு அழகாகிவிடும். வருவது கோக்கியாக இருக்காது. வெங்காயம் போட்ட தடிச் சப்பாத்தியாக இருக்கும். ஆறினால் செருப்புத் தோல்.

சிந்தி வீடுகளின் காலைச் சாப்பாடு என்றால் முதலில் வருவது இந்த கோக்கிதான். ஞாயிற்றுக்கிழமைக்கு, பொரித்த ரொட்டியும் பருப்பும் சேர்ந்த தால் பக்வான் உண்டு. அது எண்ணெய்ச் சட்டி வைத்து, கடலைப்பருப்பு வேகவைத்து, ஆள் கூடிச் செய்கிற வேலை. கோக்கி வார நாளுக்கானது. ஊறவைக்க வேண்டாம், புளிக்கவைக்க வேண்டாம், தொட்டுக்கொள்ளத் தனியாக ஒன்றும் வேண்டாம். வெங்காயம், மிளகாய், மல்லித்தழை, உப்பு, புளிப்பு எல்லாம் மாவுக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் ஒரு கிண்ணம் கட்டித் தயிர், சுட்ட அப்பளம், ஒரு டம்ளர் டீ. அவ்வளவுதான் காலை.

பெயரில் கொஞ்சம் குழப்பம் வரும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில குடும்பங்களில் இதையே லோலி என்பார்கள். லோலோ என்றால் இன்னும் தடிமனானது; பெரும்பாலும் இனிப்பு லோலோவைத்தான் அந்தப் பெயர் குறிக்கும். அன்றாடம் சாப்பாட்டோடு சாப்பிடுகிற மெல்லிய ரொட்டி புல்கோ. ரொட்டிக்கே பொதுச்சொல் மானி. சோளமாவிலும் அரிசிமாவிலும் கையால் தட்டுவது டோடோ. வெல்லத்தை உள்ளே வைத்து நெய் விட்டுச் சுடுவது புஸ்ரி. கோக்கிக்கு இவை எல்லாவற்றிலிருந்தும் ஒரு வித்தியாசம், அது இரண்டு முறை கல்லில் ஏறும். அந்த இரண்டு ஏற்றத்துக்கு நடுவே நடக்கிற வேலையில்தான் அதன் குணம் முழுக்க இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் பொருட்பட்டியலை மட்டும் வைத்துச் செய்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு விதமாகக் கெடும்.

அளவிலிருந்து தொடங்கலாம். நாலு கோக்கிக்கு 250 கிராம் கோதுமை மாவு, அதாவது இரண்டு கப். பல்லாரி வெங்காயம் ஒன்று, நறுக்கியபின் 100 கிராம். பச்சை மிளகாய் இரண்டு. பொடியாக நறுக்கிய மல்லித்தழை ஒரு கைப்பிடி. சீரகம் ஒரு தேக்கரண்டி. காய்ந்த மாதுளை விதை ஒன்றரைத் தேக்கரண்டி. உப்பு ஒரு தேக்கரண்டி. நெய்யோ எண்ணெயோ 45 கிராம், மூன்று மேசைக்கரண்டி. சுடும்போது மேலே விடுவதற்குத் தனியாகக் கொஞ்சம் நெய். தண்ணீர் 80 மில்லி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை முழுக்க ஊற்றுவோம் என்று நினைக்காதீர்கள். இதே மாவுக்குச் சப்பாத்தி என்றால் 150 மில்லிக்குக் குறையாமல் குடிக்கும். கோக்கிக்குப் பாதிதான்.

பாதி ஏன் என்றால் காரணம் இரண்டு. ஒன்று, மாவில் ஏறியிருக்கிற நெய். அது மாவுத் துகளைப் பூசிக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கும். இன்னொன்று வெங்காயம். உப்பு பட்ட வெங்காயம் கால்மணி நேரத்தில் தண்ணீர் விட்டுவிடும். பிசையும்போது சரியான பதமாக இருந்த மாவு, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் சப்பாத்திக்கட்டையில் ஒட்டுவது இதனால்தான். ஒட்டுகிறதே என்று மேலே மாவு தூவித் தூவி இட்டால், அந்த வறட்டு மாவு கல்லில் கருகிக் கசக்கும். சப்பாத்தி மாவை அரைமணி நேரம் ஊறவிடுங்கள் என்று எல்லோரும் சொல்வோம். கோக்கி மாவை ஊறவே விடக்கூடாது. பிசைந்த கையோடு கல் காய வேண்டும்.

இதைச் சமாளிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. வெங்காயம், மிளகாய், மல்லி மூன்றையும் முதலில் உப்போடு சேர்த்து விரலால் நன்றாகப் பிசறி ஐந்து நிமிடம் வைத்துவிட வேண்டும். விடுகிற தண்ணீரை அப்போதே விட்டுவிடும். அதை அப்படியே மாவில் சேர்த்துக் கலந்தபின்தான் டம்ளர் தண்ணீரைத் தொட வேண்டும், அதுவும் கரண்டி கரண்டியாக. மழைக்காலத்து வெங்காயத்துக்கு 50 மில்லியே போதும் என்று ஆகும். வெங்காயத்தைப் பிழிந்து சாற்றைக் கொட்டிவிட்டுப் போடுகிறவர்கள் உண்டு. மாவு கட்டுக்குள் இருக்கும், வாசனை பாதி போய்விடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

நறுக்குகிற அளவும் முக்கியம். துண்டு உளுந்துக்கு மேல் பெரிதாக இருக்கக்கூடாது. பெரிய துண்டு இருந்தால் இடும்போது அந்த இடத்தில் மாவு கிழியும். கிழிந்த இடத்து வெங்காயம் கல்லில் நேராகப் பட்டுக் கருகும். மிக்சியில் அரைப்பது அதைவிட மோசம். அரைத்த வெங்காயம் மாவை ஈரமாக்குவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. சின்ன வெங்காயத்தில் செய்யலாமா என்றால் செய்யலாம், இனிப்பு கொஞ்சம் தூக்கும், அதற்கேற்ப மிளகாயைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நெய் சேர்ப்பது தண்ணீருக்கு முன்னால். மாவில் நெய்யை விட்டு இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்துத் தேய்த்துப் பிசற வேண்டும். போதுமா என்று பார்க்க ஒரு பிடி மாவை இறுக்கிப் பிடித்துத் திறந்தால், கொழுக்கட்டை மாதிரி விரல் தடத்தோடு நிற்க வேண்டும். கட்டைவிரலால் லேசாகத் தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும். பிடியே நிற்கவில்லை என்றால் நெய் போதவில்லை. தட்டியும் உதிரவில்லை என்றால் கூடிவிட்டது, அப்படிப்பட்ட மாவு கல்லில் திருப்பும்போது துண்டு துண்டாக விழும். நெய்யா எண்ணெயா என்பதற்குப் பதில், எப்போது சாப்பிடப் போகிறீர்கள் என்பதில் இருக்கிறது. சூடாகச் சாப்பிட நெய்க்கு ஈடில்லை. நாளைக்கு ரயிலில் சாப்பிட என்றால் பாதி நெய், பாதி எண்ணெய். குளிர்ந்த இடத்தில் நெய் உறையும், கோக்கியும் அதோடு சேர்ந்து விறைக்கும். ஏசி பெட்டியில் உட்கார்ந்து கடித்துப் பார்த்தவருக்குத் தெரியும்.

மாவின் தன்மை பற்றி ஒரு வரி. பாக்கெட் மாவு நைசாக இருக்கும். கோக்கிக்குக் கொஞ்சம் கொரகொரப்பு நல்லது. மில்லில் அரைப்பவர்கள் ஒரு சுற்று குறைவாக அரைத்துத் தரச் சொல்லலாம். இல்லையென்றால் இரண்டு மேசைக்கரண்டி ரவையைக் கலந்துவிட்டால் போதும்.

மாதுளை விதையை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஹிந்தியில் அனார்தானா என்பது. மளிகைக்கடையில் கேட்டால் சில சமயம் முழிப்பார்கள்; வடநாட்டுச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். நாம் பழமாகச் சாப்பிடுகிற மாதுளையின் விதை அல்ல அது. இமயமலை அடிவாரத்தில் இமாச்சல், ஜம்மு பக்கம் காட்டிலே விளைகிற புளிப்பு மாதுளையின் முத்துகளைச் சதையோடு காயவைத்தது. கருஞ்சிவப்பாக, பிசுபிசுப்பாக, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் கல்லில் அரை நிமிடம் சூடு காட்டி ஆறவிட்டால் ஒட்டு விடும். பிறகு அம்மியிலோ சிறு உரலிலோ ஒன்றிரண்டாகத் தட்ட வேண்டும். முழுதாகப் போட்டால் பல்லில் கல் மாதிரி நிற்கும். பொடியாக அரைத்துவிட்டால் புளிப்பு மாவு முழுக்கப் பரவிக் காணாமல் போகும். தட்டிப் போட்டால்தான், நாலு வாய்க்கு ஒரு வாயில் சுருக்கென்று புளிப்பு தட்டும். மாங்காய்த்தூளைப் போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். சமாளிக்கலாம்தான். எல்லா வாயிலும் ஒரே புளிப்பாக இருக்கும்.

இனி கல். மாவை நாலாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 125 கிராம் வரும். சப்பாத்தி உருண்டையைப் போல மூன்று பங்கு. ஒரு உருண்டையை எடுத்து இரண்டு கைக்கும் நடுவில் வைத்து அழுத்தி, கட்டையில் வைத்து ஒரு செ.மீ. கனத்துக்கு இட வேண்டும். அகலம் பதினோரு செ.மீ. வரும், டபராவின் வாய் அளவு. ஓரம் வெடிக்கும், வெடிக்கட்டும். மிதமான தீயில் காய்ந்த இரும்புக் கல்லில் எண்ணெய் விடாமல் போட்டு ஒரு பக்கம் முக்கால் நிமிடம், திருப்பி முக்கால் நிமிடம். புள்ளி விழக்கூடாது. பச்சை மாவின் நிறம் மாறி மேல்புறம் மங்கலாக, தொட்டால் ஒட்டாமல் இருந்தால் எடுத்துவிட வேண்டும். உள்ளே இன்னும் பச்சைதான்.

எடுத்த சூட்டோடு மறுபடி கட்டைக்கு வர வேண்டும். விரல் சுடும், ஒரு துணியை வைத்துக்கொள்ளலாம். சில வீடுகளில் இந்த அரைவேக்காட்டு வட்டை அப்படியே குழவியால் அகலமாக்குவார்கள். சில வீடுகளில் இரண்டு உள்ளங்கையால் நாலாப்பக்கமும் கசக்கி, உருக்குலைத்து, திரும்ப உருண்டையாக்கி இடுவார்கள். இரண்டாவதுதான் சரி என்பது என் கட்சி. காரணம் சொல்கிறேன். முதல் சூட்டில் மேல் தோல் வெந்து இறுகியிருக்கிறது, உள்ளே மாவு இளக்கமாக இருக்கிறது. கசக்கும்போது வெந்த தோல் உடைந்து சில்லு சில்லாக, வேகாத மாவுக்குள் புதைகிறது. திரும்ப இட்டுச் சுடும்போது அந்தச் சில்லுகள் பக்கத்து மாவோடு முழுக்க ஒட்டிக்கொள்வதில்லை. நடுவில் நெய் இறங்க இடம் கிடைக்கிறது. கடித்தால் பொரபொரவென்று உடைவது அதனால்தான். வெறுமனே குழவியால் அகலமாக்கினால் மேலே மட்டும் பிளவு விழும்; அதுவும் நல்ல கோக்கிதான், ஆனால் உள்ளே இவ்வளவு உதிராது. ஆறின வட்டை இடப் பார்த்தீர்களோ, நடுவில் பிளந்து இரண்டாகும். அதனால் நாலையும் மொத்தமாக முதல் சூடு காட்டி அடுக்கி வைக்கக் கூடாது. ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது.

இரண்டாவது முறை இட்டபின் அகலம் பதினாறு செ.மீ., கனம் அரை செ.மீ. இருக்கும். இப்போது கத்தி முனையால் மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கீறலாம், பாதி ஆழத்துக்கு. அலங்காரத்துக்கு அல்ல. கோக்கி உப்பவே கூடாது. உப்பினால் மேல் அடுக்கு மெலிந்து கருகும், கீழே வெங்காயம் நீராவியில் வெந்து சொதசொதக்கும். கீறல் வழியாக ஆவி போய்விடும், நெய் உள்ளே போகும். கல்லில் போட்டதும் தீயைக் குறைத்துவிட வேண்டும். சூடு சரியா என்று ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சப்பாத்திக் கல்லில் சொட்டு உருண்டு ஓடும். கோக்கிக் கல்லில் விழுந்த இடத்திலேயே சொய்யென்று வற்ற வேண்டும். ஒரு பக்கம் மூன்றரை நிமிடம், திருப்பி ஒரு தேக்கரண்டி நெய், அந்தப் பக்கம் மூன்றரை நிமிடம், பிறகு அங்கேயும் நெய். நடுநடுவே மடித்த துணியால் ஓரங்களை அழுத்திக் கொடுக்க வேண்டும், ஓரம்தான் கடைசியில் வேகும். ஒரு கோக்கிக்கு எட்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டுத் தீயைத் தூக்கினால் வெளியே பழுப்பு வந்துவிடும், உடைத்துப் பார்த்தால் நடுவில் ஈரக்கோடு தெரியும். மூடி போட்டு வேகவைப்பதும் வேண்டாம். ஆவி திரும்ப அதன் மேலேயே விழும்.

வெந்ததா என்பதற்கு நிறத்தைவிட வாசனை நல்ல சாட்சி. முதலில் மாவு வாசனை வரும், பிறகு சீரகம், கடைசியில் வெங்காயம் வதங்கி இனிக்கிற வாசனை. அந்த மூன்றாவது வந்தபின் ஒரு நிமிடம் விட்டு எடுத்தால் சரியாக இருக்கும். எடுத்ததைத் தட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். கம்பித்தட்டில் சாய்த்து வைத்து இரண்டு நிமிடம் விட்டால் மொறுமொறுப்பு நிற்கும்.

ரொம்ப உதிர்ந்து கையில் நிற்கவே மாட்டேன் என்கிறதா, தண்ணீர் ஒரு கரண்டி குறைந்திருக்கிறது. இழுத்தால் ரப்பர் மாதிரி வருகிறதா, பிசைந்தது அதிகம். கோதுமையில் இழுவையை உண்டாக்குவது தண்ணீரும் பிசைதலும்தான், கோக்கியில் இரண்டையும் சுருக்குவது அதற்காக. மாவு ஒன்று சேர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். நான்ஸ்டிக் கல்லில் செய்யலாம், நிறம் சீராக வராது. எட்டு நிமிடமும் சூட்டை ஒரே மட்டத்தில் பிடித்து வைத்திருக்கக் கனமான இரும்புக் கல்தான் வசதி.

சாப்பிடும்போது கையால் உடைத்துத்தான் சாப்பிட வேண்டும். தயிர் கட்டியாக, சர்க்கரை இல்லாமல். அப்பளம் என்றால் நம் ஊர்ப் பொரித்த அப்பளம் அல்ல. மிளகு தூக்கலாகப் போட்டு, நேராகத் தீயில் சுட்ட சிந்தி பாபர். வெயிலில் வந்த விருந்தாளிக்குத் தண்ணீரோடு அப்பளம் நீட்டுவது சிந்தி வீட்டு வழக்கம், அந்த அப்பளமே காலையில் கோக்கிக்குத் துணை. கடுகு அரைத்துவிட்டுத் தண்ணீரில் ஊறப்போட்ட கேரட், டர்னிப் ஊறுகாயும் இதற்குப் பொருந்தும். சட்னி வகைகளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பது தேவையற்ற வேலை என்பேன். உள்ளேயே மல்லியும் மிளகாயும் இருக்கும்போது எதற்கு?

புல்கோ மிஞ்சினால் அதற்கு மறுபிறவி கொடுக்க வேண்டும். பூண்டு, மல்லி, தக்காளி சேர்த்துக் கொதிக்கவிட்டு அதில் ரொட்டித் துண்டுகளைப் போட்டு வேகவைப்பார்கள், சேயல் மானி என்று பெயர். சிந்திச் சமையலில் அருமையான பண்டங்களில் அது ஒன்று. கோக்கி மிஞ்சினால் ஒன்றும் செய்ய வேண்டாம், எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான். வெங்காயம் போட்டது வெளியிலேயே ஒரு நாள் தாங்கும், கோடையில் அதையும் நம்ப வேண்டாம். வெங்காயமும் தழையும் இல்லாமல் சீரகம், மிளகு மட்டும் போட்டு இன்னும் கொஞ்சம் நெய் கூட்டிச் செய்தால் இரண்டு மூன்று நாள் வரும். வழிப்பயணத்துக்கு அதுதான். சூடு முழுக்க ஆறியபின் துணியில் சுற்றி டப்பாவில் வைக்க வேண்டும். சூட்டோடு ஃபாயிலில் சுற்றினால் வியர்த்து, மறுநாள் வெங்காய வாடை அடிக்கும். திரும்பச் சுட வைப்பதானால் நெய் விடாமல் சிறு தீயில் கல்லில் மட்டும் காட்டுங்கள். மைக்ரோவேவில் முப்பது விநாடி மெத்தென்று இருக்கும், அடுத்த ஐந்து நிமிடத்தில் ரப்பராகும்.

இப்படித் துணைக்கறி கேட்காமல், கெடாமல், கையிலெடுத்துச் சாப்பிடக்கூடியதாக இருப்பதால் பயணம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் கோக்கி இருக்கிறது. சிந்திகளுக்குப் பயணம் புதிதல்ல. சிந்து மாகாணத்து ஹைதராபாத்திலிருந்து கிளம்பிய சிந்துவர்க்கி வியாபாரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கடல்கடந்து கடை போட்டவர்கள். கொழும்பு, சிங்கப்பூர் போன்ற துறைமுகங்களில் இன்றைக்கும் சிந்திக் கடைகளைப் பார்க்கலாம்.

ஆனால் 1947-இல் நடந்தது வியாபாரப் பயணம் அல்ல. பஞ்சாபையும் வங்காளத்தையும் இரண்டாகப் பிரித்தார்கள். சிந்து முழுதாகவே பாகிஸ்தானுக்குப் போனது. சிந்தி இந்துக்களுக்கு இந்தியாவில் எங்கள் பங்கு என்று காட்ட ஒரு துண்டு நிலமும் இல்லை. 1948 ஜனவரி 6-ஆம் தேதி கராச்சியில் கலவரம் நடந்தபின் வெளியேற்றம் வேகமெடுத்தது. கராச்சியிலிருந்து கப்பலில் பம்பாய்க்கும் குஜராத் துறைமுகங்களுக்கும், மீர்ப்பூர்காஸ் வழியாக ரயிலில் ஜோத்பூர் பக்கமும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். பம்பாய்க்கு வெளியே கல்யாணில் இரண்டாம் உலகப்போருக்காகக் கட்டிய ராணுவ முகாம்கள் காலியாக இருந்தன. அங்கே குடியமர்த்தப்பட்டவர்களின் ஊருக்கு 1949 ஆகஸ்ட் 8 அன்று அடிக்கல் நாட்டி உல்ஹாஸ்நகர் என்று பெயர் வைத்தவர், அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜி. அந்த ஊரில் இன்றும் முகவரி சொல்லும்போது கேம்ப் ஒன்று, கேம்ப் ஐந்து என்று எண் போட்டுத்தான் சொல்கிறார்கள். கட்ச் பகுதியில் காந்திதாம், போபாலுக்கு அருகே பைராகட் என்று வேறு குடியிருப்புகளும் எழுந்தன. சென்னைக்கும் வந்து வியாபாரம் தொடங்கிய குடும்பங்கள் உண்டு.

மண் இல்லாத மாநிலத்துக்காரர்களின் மொழி 1967 ஏப்ரல் 10-ஆம் தேதி அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் ஏறியது. ஆனாலும் பிள்ளைகள் மராத்தியிலும் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் படித்தார்கள். அரபி எழுத்தா தேவநாகரியா என்ற சண்டை ஒரு பக்கம். சிந்தி பேச வராத சிந்திப் பிள்ளை இன்று எந்த நகரத்திலும் சகஜம். அந்தப் பிள்ளைக்கும் கோக்கி என்ற சொல் தெரிந்திருக்கும், டிபன் டப்பாவில் வருவதால்.

ஒரு விஷயத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோதுமை சிந்துவின் வயல்களில் பெரிய அளவில் பரவியதற்கு சிந்து நதியில் கட்டிய சுக்கூர் அணைக்கட்டு முக்கியக் காரணம். 1932-இல் திறந்தார்கள். ஆற்றில் வெள்ளம் வரும் மாதங்களை நம்பியிருந்த வாய்க்கால்கள் ஆண்டு முழுக்க ஓடின, குளிர்காலப் பயிரான கோதுமைக்கு நிச்சயமான தண்ணீர் கிடைத்தது. தெற்கே அரிசியும் வறண்ட பகுதிகளில் சோளமும் கம்பும் ரொட்டியாகிக்கொண்டுதான் இருந்தன. டோடோ அந்தத் தானியங்களின் வாரிசு. கோதுமையில் இவ்வளவு தாராளமாக நெய் விட்டுச் செய்கிற கோக்கி, கொஞ்சம் வசதியான வீட்டுப் பண்டமாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

கடலைமாவுக் கோக்கியும் உண்டு. இரண்டு பங்கு கடலைமாவு, ஒரு பங்கு கோதுமை மாவு. நெய்யை ஒரு கரண்டி கூட்டி, தண்ணீரை இன்னும் குறைக்க வேண்டும்; கடலைமாவு சீக்கிரம் ஒட்டும். பச்சை வாசனை போக இன்னும் நிதானமான தீ கேட்கும். முதல்முறை செய்கிறவர்கள் இதில் ஆரம்பிக்க வேண்டாம். இடும்போதே உடையும், கோபம் வரும்.

கடலைமாவுக் கோக்கிக்கும் இனிப்பு லோலோவுக்கும் உரிய நாள் தடிரி. ஜன்மாஷ்டமிக்கு முந்தின நாள், சப்தமி திதியில் வருவது. தடோ என்றால் சிந்தியில் குளிர்ச்சி. அம்மை நோயைத் தணிக்கிறவளான சீதளா தேவிக்கு உரிய நாள் என்பதால் அன்று அடுப்பு மூட்டக் கூடாது. முதல்நாள் சாயங்காலமே சமையல் தொடங்கும், இரவு வெகுநேரம் ஓடும். எல்லாம் முடிந்ததும் அடுப்பைத் துடைத்து, தண்ணீர் தெளித்து, கும்பிட்டு அணைத்துவிடுவார்கள். மறுநாள் முழுக்க ஆறின சாப்பாடுதான். ஆறினாலும் விறைக்காத, கெடாத பண்டம் வேண்டும். இரண்டு முறை கல்லேறி ஈரம் வற்றிய ரொட்டி அந்தச் சோதனைக்குச் சரியாக நிற்கிறது.

இனிப்பு லோலோவுக்கு 250 கிராம் மாவுக்கு 100 கிராம் வெல்லமோ சர்க்கரையோ. 70 மில்லி வெந்நீரில் கரைத்து வடிகட்டி முழுக்க ஆறவிட வேண்டும். சூடான பாகை ஊற்றினால் மாவு அங்கேயே வெந்து கட்டிதட்டும். நெய் 75 கிராம், கோக்கியைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். நாலைந்து ஏலக்காய். பாகை ஒரேயடியாக ஊற்றிவிடாதீர்கள், மாவு கல் மாதிரி கெட்டியாக ஒன்று சேர்ந்த இடத்தில் நிறுத்துங்கள். இதைக் கசக்கி இரண்டாவது முறை இடுவதில்லை, முக்கால் செ.மீ. கனத்துக்கு ஒரே முறை இட்டு, மேலே கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, இருப்பதிலேயே சிறிய தீயில் போட வேண்டும். சர்க்கரை கருகுவதற்கு ஒரு நிமிடம் போதும். ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம் ஆனாலும் கல்லைவிட்டு நகரக் கூடாது. சுட்டவுடன் தொட்டால் மெத்தென்று வளையும், வேகவில்லையோ என்று சந்தேகம் வரும். திரும்பக் கல்லில் போட்டுவிடாதீர்கள். ஆற ஆறத்தான் சர்க்கரை இறுகும், அரைமணி நேரத்தில் தானாகக் கெட்டிப்படும். தடிரி காலையில் குளிர்ந்த அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உடைத்தால், கீறின கட்டத்தின் வழியாகவே சடக்கென்று பிரியும்.